அம்மாவின் மாத்திரைப் பெட்டி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மயிலாடுதுறையில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்காக 14 மாதங்களுக்கு முன்பு ஒரு வாராந்திர மாத்திரைப் பெட்டி வாங்கினேன். ஏழு நாள்களுக்கு ஏழு சிறு பேழைகள், ஒவ்வொரு பேழையிலும் காலைக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக இரண்டு அறைகள், ஏழையும் வரிசையாகப் பொருத்தி வைக்க ஒரு தட்டு என்பதுதான் அதன் அமைப்பு. விலை 340 ரூபாய். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லாத இந்தப் பிளாஸ்டிக் பொருளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அதற்குள் வைக்கப்படும் மாத்திரை. அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்பு ஒழுங்கின்மை இருக்கிறது. அதனால் ரத்தக் கட்டி உருவாகிப் பக்கவாதம் வராமலிருக்க அபிக்ஸாபான் 5 மில்லிகிராம் மாத்திரையைக் காலையிலும் இரவிலும் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது ரத்தத்தை நீராக்குவதில்லை. உறைதல் வினையில் பங்குபெறும் ஒரு காரணியை மட்டுப்படுத்தி, கட்டி உருவாவதைத் தடுக்கிறது.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை போன்ற பகுதி உண்டு. ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு உருவாகும் கட்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பையில்தான் உருவாகின்றன. அங்கிருந்து கிளம்பும் கட்டி மூளையின் ரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட செய்தி. உறைவைத் தடுக்கும் மாத்திரைகள் அந்த ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பலன் மாத்திரையை வாங்கி வைத்திருப்பவருக்கு அல்ல, வேளை தவறாமல் விழுங்குபவருக்கு மட்டுமே கிடைக்கும்.

பெட்டி வாங்குவதற்கு முந்தைய மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்து, “ராத்திரி மாத்திரை போட்டேனா இல்லையான்னு தெரியலைடா” என்றார். அட்டையைப் பார்த்தும் எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை. பழைய அட்டையில் நான்கும் புதிய அட்டையில் எட்டும் மிச்சம் இருந்தன. எந்த அட்டையை எப்போது தொடங்கினார் என்பது அவருக்கும் நினைவில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போய், மருந்துக் கடை ரசீதில் இருந்த தேதியை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, அந்த ஒரு மாதத்தில் மட்டும் 11 மாத்திரைகள் அதிகமாக இருந்தன. அதாவது 11 வேளைகள் விட்டுப்போயிருக்கின்றன. அவற்றில் இரண்டு, ஏகாதசி விரதத்தன்று வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது என்று எண்ணி அவரே விட்டவை. மற்றவை மறதி.

இந்த இடத்தில், பழைய மாத்திரைகளுக்கும் புதிய மாத்திரைகளுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் தேவை அதில்தான் அடங்கியிருக்கிறது. வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற பழைய மாத்திரைகளை எடுப்பவர்கள் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு அந்த அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். வேளை தவறினால் எண் இறங்கும். மருத்துவர் கேள்வி கேட்பார். அபிக்ஸாபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு அத்தகைய வழக்கமான பரிசோதனை தேவையில்லை என்பதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள், வசதிதான். ஆனால் மாத்திரை விட்டுப்போவதைக் காட்டிக்கொடுக்கும் எண்ணும் அதோடு போய்விட்டது. மேலும், வார்ஃபரின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும். அபிக்ஸாபானுக்கு ஏறத்தாழ 12 மணி நேரமே ஆகும். ஒரு நாள் முழுதும் விட்டால் பாதுகாப்பு பெருமளவு கரைந்துவிடுகிறது. உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது, வலி இருக்காது, மயக்கம் இருக்காது. ரத்த அழுத்த மாத்திரையை விட்டால் தலை கனக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இதை விட்டால் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை.

எங்கள் பெரியப்பாவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. அவருக்கும் இதே துடிப்புக் கோளாறுதான். அசினோகூமரால் எடுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சுப் படபடப்பு நின்றுவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று அவராகவே நிறுத்தினார். படபடப்பை அடக்கியது வேறொரு மாத்திரை. இவர் நிறுத்தியது கட்டியைத் தடுக்கும் மாத்திரை. மூன்றாவது மாதம் ஒரு விடியற்காலையில் வலது கையும் காலும் பேச்சும் போயின. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். எங்கள் யார் பெயரையும் அவரால் சொல்ல முடியவில்லை.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். மாத்திரைப் பெட்டி நினைவூட்டும் கருவி என்று நினைத்துத்தான் வாங்கினேன், அது தவறு. பெட்டி யாரையும் கூப்பிடாது. அது செய்வது வேறொரு வேலை: “போட்டேனா இல்லையா” என்ற கேள்விக்கு உடனே விடை சொல்கிறது. புதன் இரவு அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. மாத்திரை இருந்தால் போடவில்லை. இந்தக் கேள்விக்கு விடை தெரியாதபோது மனிதர்கள் செய்யும் இரண்டும் ஆபத்தானவை. சந்தேகத்தில் விட்டுவிட்டால் கட்டிக்கு வழி. சந்தேகத்தில் இன்னொன்று போட்டுக்கொண்டால் ரத்தக்கசிவுக்கு வழி. பெட்டி வந்த பிறகு அம்மா அந்த மாதிரி இரவு அழைப்புகளை ஒருமுறைகூடச் செய்யவில்லை. 14 மாதங்களில் விட்டுப்போன வேளைகள் மொத்தம் ஐந்து. அவற்றில் நான்கு அன்றைக்கே கண்ணில் பட்டன. வேளை தவறியது அன்றே நினைவுக்கு வந்தால் உடனே போட்டுக்கொண்டு, அடுத்த வேளையை வழக்கம்போல் தொடர வேண்டும், ஒருபோதும் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார், அப்படியே செய்தோம்.

நினைவூட்டும் வேலைக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. முதலில் கைப்பேசியில் மணி வைத்தோம். அம்மா அடுக்களையில் இருக்கும்போது கைப்பேசி கூடத்தில் அடிக்கும். வந்து அணைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார். மணியை அணைத்ததே மாத்திரை போட்டது போன்ற நிறைவை மனதுக்குத் தந்துவிடுகிறது என்று தோன்றுகிறது. பிறகு, நாள்தோறும் மாறாமல் நடக்கும் இரண்டு செயல்களோடு மாத்திரையைச் சேர்த்தோம்: காலை எட்டு மணிக்குக் காப்பி, இரவு எட்டு மணிக்குப் பூசையறை விளக்கைக் குளிர வைப்பது. பெட்டியைப் பூசையறைக்கு வெளியே உள்ள மரப்பலகையில் வைத்தோம். கைப்பேசி மணியைவிட இதுவே பலன் தந்தது. ஒலி எழுப்பும் மின்னணுப் பெட்டி ஒன்றையும் இடையில் வாங்கிப் பார்த்தேன். விலை இதைப் போல ஆறு மடங்கு, அறைகள் சிறியவை, மின்கலம் தீர்ந்தது தெரியாமல் இரண்டு நாள் ஒலிக்காமல் இருந்தது. எளிய பெட்டிக்கே திரும்பினோம்.

விரத நாள்களைப் பற்றி மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டது நல்லதாயிற்று. அபிக்ஸாபானை உணவோடும் எடுக்கலாம், உணவில்லாமலும் எடுக்கலாம். ஒரு வாய் நீர் போதும். அதைக் கேட்டபின் அம்மா ஏகாதசியிலும் விடுவதில்லை. ஆனால் எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. இதே வகையைச் சேர்ந்த ரிவராக்ஸாபான் என்னும் மாத்திரையின் 15, 20 மில்லிகிராம் அளவுகளை உணவோடு எடுத்தால்தான் உடல் அதைச் சரியாக உறிஞ்சும். அதை எடுப்பவர்கள் விரத நாளுக்கு என்ன செய்வது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் குறைகளில் முதலாவது மூடி. ஒவ்வோர் அறையின் மூடியும் ஒரு சிறு கொக்கியால் இறுக்கமாக மாட்டிக்கொள்கிறது. மூட்டுவலி உள்ள அம்மாவின் விரல்களால் முதல் வாரம் திறக்க முடியவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பினார், மாத்திரை தெறித்துத் தரையில் உருண்டது. கொக்கியின் விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகு எளிதாயிற்று. முதியவர்களுக்கென்றே விற்கப்படும் ஒரு பொருளில் இந்தக் குறை இருக்கக் கூடாது. வாங்குபவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். நீங்கள் திறப்பதல்ல, பயன்படுத்தப் போகிறவர் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்து. நாள்களின் பெயர்கள் ஆங்கில முதலெழுத்துகளாக மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. அம்மாவுக்கு இது குழப்பம். வெள்ளைத் தாளில் தமிழில் நாள் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். காலை அறைக்குச் சூரியனும் இரவு அறைக்குப் பிறையும் வரைந்தேன். நான்கே மாதத்தில் அச்செழுத்துகள் தேய்ந்து போய்விட்டன. ஒட்டிய தாள் இன்றும் இருக்கிறது.

மூன்றாவது குறை எல்லாவற்றையும்விட முக்கியமானது; ஆனால் அது இந்தப் பெட்டிக்கு மட்டும் உரியதல்ல. அட்டையிலிருந்து பிரித்து வைக்கக் கூடாத மாத்திரைகள் இருக்கின்றன. இதே துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் டாபிகாட்ரான் என்னும் மருந்து காப்ஸ்யூல் வடிவில் வருகிறது. அது காற்றின் ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதை அதன் சொந்த அட்டையிலோ புட்டியிலோதான் வைத்திருக்க வேண்டும், எடுக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். மாத்திரைப் பெட்டிக்குள் போடவே கூடாது. காப்ஸ்யூலை உடைத்து உள்ளிருக்கும் மருந்தை எடுப்பதும் கூடாது. கடலிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊர்க் காற்றில் உப்புப் புட்டியே கசியும்போது இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். ஆனால் நான் வாங்கிய பெட்டியின் உறையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படிப்பட்ட மருந்தை எடுப்பவர்கள், அட்டையை அறை அறையாகக் கத்தரித்து, உறை பிரிக்காமல் போடும் அளவுக்குப் பெரிய அறைகள் உள்ள பெட்டியை வாங்கலாம். அதற்கு முன் மருந்தாளுநரைக் கேட்டுவிடுங்கள். அம்மாவின் மாத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று மருந்தாளுநர் உறுதிப்படுத்திய பிறகே பிரித்து வைக்கத் தொடங்கினேன். அப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் நிரப்புவதில்லை.

பழைய மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இந்தப் பெட்டி இன்னும் கூடுதலாகவே உதவும் என்பது என் எண்ணம். திங்கள், வியாழன் 2 மில்லிகிராம், மற்ற நாள்களில் 3 மில்லிகிராம் என்று நாளுக்கு ஓர் அளவு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதை நினைவில் வைத்திருப்பது இளையவர்களுக்கே கடினம். சிறு வயதில் வந்து இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இன்றும் இந்தப் பழைய மாத்திரைகளே உரியவை. ருமாட்டிக் இதய நோயுள்ளவர்களிடம் ரிவராக்ஸாபானைப் பழைய மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. அதில் பழைய மருந்தே சிறந்த பலன் தந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் சிறு வயதில் அந்தக் காய்ச்சல் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, “உன் அம்மா போடும் புதிய மாத்திரையையே நானும் கேட்டு வாங்கட்டுமா” என்று கேட்பவர்களிடம், உங்கள் வால்வு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது என்றுதான் சொல்கிறேன்.

பெட்டியை நிரப்புவது ஞாயிறு மாலை. மாதம் இருமுறை நான் போகிறேன். மற்ற வாரங்களில் அத்தை வந்து அம்மாவோடு உட்கார்ந்து நிரப்புகிறார். ஒருவர் போட, இன்னொருவர் எண்ண வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஏனென்றால் பெட்டியில் ஒருமுறை தவறினால் அந்தத் தவறு வாரம் முழுதும் தொடரும். நிரப்பும்போதே கையிருப்பு தெரிந்துவிடுகிறது. பத்து நாளுக்குக் கீழே இறங்கினால் அன்றே வாங்கிவிடுகிறோம். ஒருமுறை நீண்ட விடுமுறையின்போது ஊரில் மூன்று கடைகளில் இந்த மாத்திரை இல்லை. கையிருப்பு இருந்ததால் தப்பித்தோம். அட்டையை வெட்டிக் கொடுக்கும் கடைகளில் காலாவதித் தேதி உள்ள பக்கம் போய்விடுகிறது. முழு அட்டையாகவே கேட்டு வாங்கி, காலியான அட்டையை அந்த வாரம் முடியும் வரை தூக்கி எறியாமல் வைத்திருக்கிறோம். பெட்டிக்குள் கிடக்கும் மாத்திரைக்குப் பெயர் கிடையாது. மருத்துவமனையில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு அட்டை வேண்டும்.

அளவைக் குறைப்பது பற்றியும் ஒரு சொல். அம்மாவின் எடை 54 கிலோ. இவ்வளவு சிறிய உடம்புக்கு எதற்கு 5 மில்லிகிராம், பாதி போட்டால் போதாதா என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வயது 80-ஐத் தொட்டிருப்பது, எடை 60 கிலோவோ அதற்குக் குறைவோ இருப்பது, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.5 அல்லது அதற்கு மேல் இருப்பது ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் அபிக்ஸாபானை 2.5 மில்லிகிராமாகக் குறைப்பார்கள். 76 வயதான அம்மாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. நான்கு ஆண்டுகளில் இது மாறலாம். அதற்காகவே சிறுநீரகப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்கிறோம். நாமாகப் பாதியாக்குவது, பாதி வேளைகளை விடுவதைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல.

பெட்டி எதிர்பாராத வகையில் உதவிய சம்பவம் ஒன்று உண்டு. சென்ற ஐப்பசியில் அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. பல் மருத்துவமனையில் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். இதய மருத்துவரிடம் கேட்டபோது, ஒரு பல்லுக்கு அவ்வளவு தேவையில்லை, அன்றைய காலை மாத்திரையை மட்டும் தள்ளி வைத்து, ரத்தம் நின்றதும் தொடரலாம் என்றார். மாற்றத்தை அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குப் பதில், அன்றைய காலை அறையில் மாத்திரையோடு “மதியம்” என்று எழுதிய சிறு தாளை மடித்து வைத்தேன். அப்படியே நடந்தது. பல நாள் பாதுகாப்பில்லாமல் கழிந்திருக்கும் ஆபத்து, ஒரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு துண்டுத் தாளிலும் நீங்கியது. வலி மாத்திரையையும் அன்றே கேட்டுவிட்டோம்: டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை இதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அவசர காலத்திலும் பெட்டிக்கு ஒரு வேலை இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சுக் குழறுவது தெரிந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரமே அவகாசம். ஆனால் கடந்த 48 மணி நேரத்துக்குள் இந்த வகை மாத்திரையை எடுத்திருந்தால் அந்த ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அல்லது வேறு பரிசோதனைகளுக்குப் பின்பே முடிவெடுப்பார்கள். கடைசி வேளையை எப்போது எடுத்தார் என்று அவர்கள் கேட்கும்போது, பேச முடியாத நோயாளிக்காகப் பெட்டி விடை சொல்லும். அதனால் ஆம்புலன்ஸில் ஏறும்போது பெட்டியையும் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லும்படி அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இந்தப் பெட்டியை நான் தயங்காமல் பரிந்துரைக்க மாட்டேன். நான் கொக்கியைத் தேய்த்த பிறகு என் மூன்று வயது மகள் விடுமுறைக்குப் போனபோது ஒரு மூடியைத் திறந்துவிட்டாள். நாங்கள் அங்கே தங்கும் நாள்களில் பெட்டி பரணுக்குப் போய்விடும். பயணத்துக்கு நாள் பேழையைத் தனியே கழற்றி எடுத்துச் செல்லும் வசதி மிக நன்று. குடும்பக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் திருச்சி போனபோது அம்மா இரண்டு பேழைகளை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

தரத்தைப் பொறுத்தவரை, பன்னிரண்டாவது மாதத்தில் சனிக்கிழமைப் பேழையின் கீல் உடைந்தது. தனிப் பேழை விற்பதில்லை என்று கடையில் சொன்னார்கள். முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. இப்போது கீல் உடையாத ஆறு பேழைகள் மிச்சமாக இருக்கின்றன. அவற்றுக்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டி, அசினோகூமரால் எடுக்கும் எதிர்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்திருக்கிறேன். ஏழாவது நாளுக்கு ஒரு சிறு எவர்சில்வர் சம்புடத்தை அவரே ஏற்பாடு செய்துகொண்டார்.